ரத்தம் மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது

ஒரு விடுகதை. உள்ளே இருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே வந்தால் உட்கார்ந்துவிடும். அது என்ன?

ரத்தம் என்று சொல்வீர்கள். மற்ற ஊர்களுக்கு அது சரியான விடை. நெடுங்கரிசலில் அந்த விடையைச் சொன்னால் பிள்ளைகள் உதட்டைப் பிதுக்குவார்கள். அங்கே ஒரு வீட்டில் ஆட்டு ரத்தம் வெளியே வந்தால் உட்காராது. மேயப் போகும். காலையில் பனி உலர்ந்ததும் புறப்பட்டுப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து, தன் தன் ஆட்டுக்குள் ஏறிக்கொள்ளும்.

ஆடுகள் உரத்தட்டை தின்னத் தொடங்கிய மறுநாளிலிருந்து இப்படி.

இரண்டு வருடமாக மழை இல்லை. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் தோள்வரை போகும். ஆடுகளுக்கு மிச்சம் இருந்தது மழை பெய்த வருடத்துச் சோளத்தட்டை மட்டும்தான். வெறும் தட்டை வயிற்றை அடைக்கும், உடம்பில் ஒட்டாது. ஆவுடைத்தாயின் பட்டியில் பதினான்கு ஆடுகள் இருந்தன. மாசி முடிவதற்குள் மூன்று செத்துப் பதினொன்று ஆயின.

அப்போதுதான் கால்நடை டாக்டர் பிலோமினா வந்து உரத்தட்டை போடக் கற்றுக்கொடுத்தார். நூறு கிலோ தட்டைக்கு நாலு கிலோ யூரியா, ஐம்பது லிட்டர் தண்ணீர். தட்டையை நறுக்கிப் பரப்பி, கரைசலைத் தெளித்து, மிதித்து, அதன்மேல் இன்னொரு அடுக்கு. கடைசியில் காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு மூடி, இருபத்தொரு நாள் தொடாமல் இருக்க வேண்டும். திறந்ததும் உடனே போடக் கூடாது. கண்ணைக் கரிக்கும் வாடை போகும்வரை ஆற விட வேண்டும். ஆவுடைத்தாய் எல்லாவற்றையும் சொன்னபடியே செய்தாள். ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தவறு வேறு இடத்தில் நடந்தது. நெடுங்கரிசலில் ஆட்டுக்குப் புதிதாக எதைச் செய்தாலும் அதனிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். கோயிலில் வெட்டுவதானாலும் சரி, மயிர் கத்தரிப்பதானாலும் சரி, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆடு உடம்பை உதறிச் சிலிர்த்தால் சம்மதம். சிலிர்க்காவிட்டால், சிலிர்க்கும்வரை தெளிப்பார்கள். உரத்தட்டை போடுவதற்கு முன்பும் ஆவுடைத்தாயின் புருஷன் வெயிலுமுத்து பதினொரு தலையிலும் தெளித்தான். பதினொன்றும் சிலிர்த்தன. பிறகுதான் தட்டை போட்டார்கள்.

ஆட்டிடம் கேட்டார்கள். ரத்தத்திடம் யாரும் கேட்கவில்லை.

ஆகவே ஆடுகள் தட்டையைத் தின்றன, ரத்தம் பச்சை தேடிப் போனது. அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டு ஆட்டுக்கும் காதில் ஓர் அடையாள வெட்டு உண்டு. ஆவுடைத்தாய் வீட்டுக்கு இடது காதின் நுனியில் ஒரு வெட்டு. காலையில் அந்த வெட்டு வழியாக ரத்தம் இறங்கும். ஆட்டுக்கு மூன்று செம்பு அளவு இருக்கும். இறங்கிக் கொஞ்ச நேரம் நின்று, மற்றவை இறங்கும்வரை காத்திருந்து, பிறகு பதினொன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிப்பாதையில் போகும். புஞ்சைக்குப் போனதும் வெடிப்புகளுக்குள் இறங்கி, மண்ணுக்கு அடியில் மிச்சமிருக்கும் ஈர வேர்களை மேயும். பட்டியில் ஆடுகள் சுண்ணாம்பு போல வெளுத்துப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

உரத்தட்டை போட்ட பிறகு டாக்டர் பிலோமினா முதல் முறை ரத்த மாதிரி எடுக்க வந்தது காலை பத்து மணிக்கு. சுட்டி என்ற ஆட்டின் கழுத்தில் ஊசியை ஏற்றி இழுத்தார். ஒன்றும் வரவில்லை.

"ரத்தம் எங்கங்க?" என்று கேட்டார்.

"மேய்ச்சலுக்குப் போயிருக்கு டாக்டரம்மா" என்றாள் ஆவுடைத்தாய்.

"எப்ப வரும்?"

"ஆறு மணிக்கெல்லாம் வந்துரும்."

"எனக்கு அஞ்சரைக்கு பஸ்ஸாச்சே."

"அவுக வண்டியில கொண்டுவந்து விடுவாக. இருந்து பாத்துட்டுப் போங்க."

டாக்டர் இருந்தார். ஆறு மணிக்கு எடுத்த மாதிரியில் குறை எதுவும் இல்லை. சிவப்பணு சரி, வெள்ளையணு சரி, ஹீமோகுளோபின் வெறும் தட்டை தின்ற காலத்தைவிட ஒரு படி மேல். அவர் பதிவேட்டில் எழுதினார்: "காலை பத்து மணி: ரத்தம் வீட்டில் இல்லை. மாலை ஆறு மணி: நலம். தீவனத்தால் ரத்தத்துக்குக் கெடுதல் இல்லை. பழக்கம் மட்டும் மாறியிருக்கிறது."

பழக்கம் மாறியதால் மேய்க்க ஆள் வேண்டியிருந்தது. வெயிலுமுத்து இரண்டு நாள் போனான். அவன் கையில் கம்பு இருந்தது. கம்பைக் கண்டால் ரத்தம் அங்கங்கே உறைந்து நின்றுவிடும், பிறகு வெந்நீர் தெளித்துக் கூட்டிவர வேண்டும். மூன்றாம் நாள் ஒன்பது வயது மகள் வடிவு வெறுங்கையோடு போனாள். வெடிப்பின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு நாக்கை மடித்து ட்ர்ர்ர் என்று ஒரு சத்தம் கொடுத்தாள். பதினொன்றும் மேலே ஏறி வந்து அவள் காலைச் சுற்றி நின்றன. அதிலிருந்து அவள்தான் போனாள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயருக்கு நேரே "ரத்தம் மேய்க்க" என்று எழுதி, வந்ததாகவே வைத்துக்கொண்டார்கள்.

பக்கத்துப் புஞ்சைக்காரி சொர்ணம் ஒருநாள் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன மதினி, ஒங்க ஆட்டு ரத்தம் எங்க புஞ்சைக்குள்ள எறங்குது. பருத்தி வேர்ல பச்சை இருக்கதே ரெண்டு விரக்கடை. அதையும் மேஞ்சுட்டா நான் எங்க போவேன்?"

"ஒங்க ஆட்டுக்கும் ரத்தம் இருந்தா அதுவும் வந்து எங்க புஞ்சையில மேயும். நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"எங்க ஆட்டுக்கு ரத்தம் இருக்கு. அது வீட்டோட கெடக்குது. வளத்த வளர்ப்பு அப்பிடி."

 ஆவுடைத்தாய்க்கு அன்று வேறு கவலை இருந்தது. வடிவு அன்று சாயங்காலம் வரும்போது ரத்தங்களுக்கு முன்னால் வரவில்லை, பின்னால் வரவில்லை. அவற்றின் நடுவில், வரிசையில் ஆறாவதாக வந்தாள்.

"ஏட்டி, அதுக கூடத் திரிஞ்சு திரிஞ்சு ஒன் ரத்தத்துக்கும் கால் முளைச்சிரப் போவுது."

"எனக்கு எப்பிடிம்மா முளைக்கும்? நான்தான் ஒரத்தட்டை திங்கலையே."

"வாய்க்கு வாய் பேசாத. இங்க வா."

வடிவின் காதுகளில் குத்திய துளை இருந்தது, தோடு இல்லை. ஆவுடைத்தாய் விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குச்சி முறித்து, நுனியை நெருப்பில் வாட்டி, இரண்டு துளையிலும் செருகி அடைத்தாள். அன்று முதல் மாலையில் வெயிலுமுத்து ஆடுகளின் கீழ் இமையை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பான். உள்பக்கம் சிவப்பாக இருந்தால் ரத்தம் வந்துவிட்டது. அவன் பதினொன்றை முடித்ததும் ஆவுடைத்தாய் வடிவின் இமையை இழுத்துப் பார்ப்பாள். சிவப்பாகத்தான் இருந்தது. பார்த்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

வைகாசியில் சுட்டி ஈன்றது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஈன்றது. அந்த நேரத்தில் அதன் ரத்தம் வீட்டில் இல்லை. ஆகவே குட்டி ரத்தம் இல்லாமல் பிறந்தது. கிடா இல்லை, பெட்டை. சலவைக்குப் போட்ட துணி மாதிரி வெளுத்திருந்தது. எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து நின்றது. ஆவுடைத்தாய் தூக்கிப் பார்த்தாள். காலிப் பானையின் கனம்கூட இல்லை.

அதே பன்னிரண்டு மணிக்குப் புஞ்சையில் சுட்டியின் ரத்தம் ஒரு வெடிப்பின் ஓரத்தில் ஒதுங்கி, தன்னிலிருந்து ஒரு கையளவு ரத்தத்தைப் பிரித்து வைத்தது. வடிவு அதைச் சேலைத் துண்டால் வெயில் படாமல் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் பன்னிரண்டு ரத்தம் வீட்டுக்கு வந்தது.

பதினொன்று தன் தன் காது வழியாக ஏறிக்கொண்டன. குட்டி ரத்தம் குட்டி ஆட்டின் முன்னால் போய் நின்றது. ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று சுற்றியது. குட்டியின் காதில் வெட்டு இல்லை. உள்ளே போக வழி இல்லை.

"காதை அறுங்க" என்றாள் ஆவுடைத்தாய்.

"மூணு நாள் ஆகாத குட்டிக்குக் காது அறுத்தா அது அடுத்தவன் மந்தையைத் தேடிப் போயிரும். ஒனக்குத் தெரியாதா?" என்றான் வெயிலுமுத்து.

அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டாக்டருக்குப் போன் போட்டார்கள்.

"குட்டி மூணு நாள் தாங்கும்ங்க" என்றார் டாக்டர். "ரத்தத்துக்கு இன்னும் பழகாத உடம்பு. பால் மட்டும் துணியில நனைச்சு வைங்க. ஆனா அந்த ரத்தம் வெளியில ஒரு ராத்திரி தாங்காது."

"ஒங்ககிட்ட ஐஸ் பெட்டி இருக்கே டாக்டரம்மா, அதுல வச்சா?"

"அதுல வச்சா வெறும் சோதனைச் சாம்பிளா ஆயிரும். அப்புறம் அது ரத்தம் இல்ல. எந்த உடம்புலயாவது வச்சுப் பாத்துக்கோங்க. காதுல ஓட்டை இருக்கற உடம்பா இருக்கட்டும்."

பட்டியில் பதினொரு உடம்பும் நிறைந்திருந்தது. ஆவுடைத்தாய் தன் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். குட்டி ரத்தத்தின் அருகே மண்டியிட்டுத் தலையைச் சாய்த்து, காதைத் தரையோடு வைத்தாள். அது பின்வாங்கியது. அவள் மறுபக்கம் திரும்பி இன்னொரு காதை வைத்தாள். அது வடிவின் காலடிக்குப் போய் நின்றுகொண்டது. அதன் ஓரம் ஏற்கெனவே கொஞ்சம் கறுத்து இறுகத் தொடங்கியிருந்தது.

"நான் வச்சுக்கிடுதேம்மா" என்றாள் வடிவு. "மூணு நாள்தானே."

"வேண்டாம் தாயி."

"கையளவுதானம்மா. எனக்குள்ள எடம் இருக்கு."

"எடம் இருக்குன்னு எல்லாத்தையும் உள்ள விட முடியுமா?"

வெயிலுமுத்து வானத்தைப் பார்த்தான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "நாம சொல்லி என்ன? கேட்டுட்டுச் செய்வோம்" என்றான். "மஞ்சத்தண்ணி கரைச்சுக் கொண்டா."

கேட்காமல் செய்வதைவிடக் கேட்டுச் செய்வது நல்லது என்று ஆவுடைத்தாய் நினைத்தாள். பிள்ளை சம்மதிக்காமல் இருக்கவும் வழி இருக்கிறதே என்று நினைத்தாள். ஆகவே அவளேதான் போய் மஞ்சள் கரைத்தாள். வெந்நீர் அடுப்பில் இருந்தது. அதில் கரைத்திருக்கலாம். வழக்கம் பச்சைத் தண்ணீர் என்பதால் பச்சைத் தண்ணீரில் கரைத்தாள்.

வெயிலுமுத்து மகளின் உச்சியில் மூன்று கை தெளித்தான். தண்ணீர் கழுத்தில் இறங்கி முதுகில் ஓடியது. மேற்கிலிருந்து காற்று வந்தது. வடிவு தோளை உதறிச் சிலிர்த்தாள்.

"தண்ணி குளிருது, அதான் சிலிர்க்கா" என்றாள் ஆவுடைத்தாய்.

"சிலிர்த்தா சிலிர்த்ததுதான்."

அதற்குமேல் சொல்ல அந்த ஊரில் ஒரு சொல்லும் இல்லை. ஆவுடைத்தாய் மகளின் இடது காதிலிருந்து ஈர்க்குச்சியைத் தன் கையாலேயே உருவினாள். வடிவு குனிந்தாள். குட்டி ரத்தம் அவள் தாவாங்கட்டையில் ஏறி, கன்னத்தைக் கடந்து, துளைக்குள் போனது. ஆவுடைத்தாய் குச்சியைத் திரும்பச் செருகி, தலையைத் துவட்டிவிட்டாள்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. வடிவு கஞ்சி குடித்தாள், ரத்தம் மேய்க்கப் போனாள், வந்தாள். ஆவுடைத்தாய் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, துணியைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்தாள். அது குடித்தது. குடிக்கும்போது அவள் முகத்தைவிட்டு வேறு எங்கும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை, சுட்டிக்கு ரத்தம் ஏறியதும் அது எழுந்து தன் குட்டியைத் தேடியது. தாய் ஆடு குட்டியை மோந்துதான் அறியும். ஆவுடைத்தாய் மடியில் இருந்த குட்டியை அதன் முன்னால் விட்டாள். சுட்டி வாலடியில் மோந்து பார்த்துவிட்டுத் தலையால் முட்டித் தள்ளியது. பிறகு தொட்டி ஓரத்தில் நின்ற வடிவிடம் போய், அவள் பிடரியை மோந்து, தொண்டைக்குள் மெல்லக் கனைத்தது. ஈன்ற ஆடு குட்டிக்கு மட்டும் கொடுக்கும் சத்தம் அது. வடிவு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்தாள், ஆனால் மூன்று தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

"நாளையோட முடிஞ்சுரும்" என்றான் வெயிலுமுத்து.

"முடியணும்" என்றாள் ஆவுடைத்தாய்.

மூன்றாம் நாள் மாலை வெயிலுமுத்து கத்தியை நெருப்பில் காட்டி, குட்டியின் இடது காது நுனியில் வெட்டினான். ரத்தம் வரவில்லை. வருவதற்கு இல்லை. ஆவுடைத்தாய் குட்டியைப் பிடித்துக்கொண்டாள். வடிவு ஈர்க்குச்சியை எடுத்துவிட்டு, தன் காதை அதன் காதோடு சேர்த்து வைத்தாள். உள்ளே இருந்து சிவப்பு வந்து, ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போகத் தொடங்கியது.

"எவ்வளவு போகணும்?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

"கையளவு வந்துச்சு. கையளவு போகட்டும்."

அவன் கண்ணாலேயே அளந்தான். முப்பது வருடம் பால் அளந்த கண். போதும் என்றான். காதைப் பிரித்தார்கள். ஆவுடைத்தாய் குச்சியைச் செருகிவிட்டு முதலில் வடிவின் இமையை இழுத்துப் பார்த்தாள். சிவப்பு. குட்டியின் இமையை இழுத்துப் பார்த்தாள். அதுவும் சிவப்பு. குட்டி நாலு காலிலும் ஊன்றி நின்றது. கனம் வந்திருந்தது.

டாக்டர் பிலோமினா அன்று தாமதமாகப் போகும் பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்துகொண்டு வந்திருந்தார். இருவரிடமும் மாதிரி எடுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணினார். வெகுநேரம் எண்ணினார்.

"ரெண்டு பேருக்கும் நல்லா இருக்குங்க. சிவப்பணு சரி. வெள்ளையணு சரி."

"யாரோடது யார்கிட்ட இருக்கு டாக்டரம்மா?"

"அது இந்தச் சோதனையில தெரியாதும்மா. மூணு நாள் ஒண்ணா ஓடியிருக்கு. கையளவு போயிருக்கு. எந்தக் கையளவுன்னு ரத்தத்துல எழுதியிருக்காது."

"வேற எந்தச் சோதனையில தெரியும்?"

டாக்டர் யோசித்தார். பதிவேட்டின் பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்த்தார். "தீவனம் வச்சுப் பாருங்க" என்றார். "உடம்பு எதை வேணாலும் திங்கும். ரத்தம் தனக்கு வேண்டியதைத்தான் தேடும். காலையில வெறும் வயித்துல வைங்க. நீங்க எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கூப்பிடவும் கூடாது."

"கூப்பிடக் கூடாதா?"

"கூப்பிட்டா சோதனை செல்லாது."

அவர் பதிவேட்டில் ஒரு பத்தியைக் காலியாக விட்டு, மறுநாள் தேதியைப் போட்டு, ஆவுடைத்தாயிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

காலையில் ஆவுடைத்தாய் முற்றத்தைப் பெருக்கினாள். ஒரு கும்பாவில் கம்மங்கஞ்சி ஊற்றி, மோர் விட்டு, உரித்த சின்ன வெங்காயம் நாலு ஓரத்தில் வைத்தாள். வடிவுக்குக் கஞ்சி வைக்கும் விதம் அது. அதற்கு இரண்டடி தள்ளி, வாடை போக ஆற விட்ட உரத்தட்டையில் ஒரு கை அள்ளிப் போட்டாள். பிறகு கதவைத் திறந்துவிட்டு, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். வெயிலுமுத்து பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறந்து நாலு நாளான குட்டி தட்டையும் தின்னாது, கஞ்சியும் குடிக்காது என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் நின்றார்கள்.

முதலில் வந்தது குட்டி. தட்டையின் மேலேயே மிதித்துக் கடந்து கும்பாவிடம் போனது. வெங்காயங்களை ஒவ்வொன்றாகத் தின்று முடித்த பிறகுதான் கஞ்சியில் வாயை வைத்தது. வடிவும் எப்போதும் அப்படித்தான் செய்வாள். பாதி குடித்துவிட்டுத் தலையைத் தூக்கி ஆவுடைத்தாயைப் பார்த்தது. உப்புப் போதவில்லை என்றால் அப்படிப் பார்ப்பது வழக்கம். ஆவுடைத்தாய் கையை முந்தானைக்குள்ளிருந்து எடுக்கவில்லை. வெயிலுமுத்து பதிவேட்டில் "கஞ்சி" என்று எழுதினான்.

கொஞ்ச நேரம் கழித்து வடிவு வெளியே வந்தாள். கண்ணைக் கசக்கினாள். கும்பாவில் பாதிக் கஞ்சி மிச்சம் இருந்தது. அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கும்பாவுக்கும் தட்டைக்கும் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டையை எடுத்துக்கொண்டாள்.